வாதாமரத்து நிழல்

அப்பா போய் இன்னும் கருமாதிகூட ஆகவில்லை. அவர் படத்தை மாட்ட வேண்டிய இடத்தில் அம்மா ஒரு கடற்கரைப் படத்தை மாட்டி மாலை போட்டிருக்கிறாள். துக்கம் கேட்க வருகிறவர்கள் அதில் அப்பாவைத் தேடுகிறார்கள்.

வெள்ளைக்காரத் துரைமார் ஒவ்வொருவராகக் கப்பலேறிக்கொண்டிருந்த காலத்தில் எடுத்த படம் அது. அப்போது எனக்கு ஏழு வயது. அதற்கு முந்திய வருஷம் உஜோங் பாசிர் என்கிற கடற்கரையில் என் தம்பி கடலோடு போய்விட்டான். வாதாமரத்தடியில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு இறங்கியவன்தான். காரியம் முடிந்த கையோடு அப்பா அவன் சட்டைகளை யாருக்கோ கொடுத்தார். சைக்கிள் முன்பாரில் அவனுக்காகக் கட்டியிருந்த பிரம்பு நாற்காலியை வீசிவிட்டதாகச் சொன்னார். அந்தக் கடல் பக்கம் போகக்கூடாது என்று என் தலையில் அடித்து அம்மாவிடம் சத்தியம் வாங்கினார். அவர் அழுது நாங்கள் பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமைகூட ரப்பர் குடோனில் ஓவர்டைம் என்று போய்விடுவார்.

அம்மா பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். கடைசியில் பெட்டியைக் கட்டினாள். என்னோடு செங் என்கிற ஊரில் இருக்கிற மாமா வீட்டுக்குப் போய்விடுவது என்று முடிவு.

"கல்லோட குடும்பம் நடத்த முடியாதுடா," என்றாள் மாமாவிடம். "போறதுக்கு முன்ன அந்த மரத்தடிய ஒருதரம் பாக்கணும். படத்துல பாத்தா சத்தியம் ஒண்ணும் செய்யாது."

மாமா போட்டோ ஸ்டூடியோவில் வேலை செய்தவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் எடுத்து வந்தார். ஸ்டூடியோ காகிதத்தில் போட்டதும் கடல் வந்தது, அலை வந்தது; மரத்தடி மட்டும் தார் ஊற்றியதுபோல் ஒரே கறுப்பு.

"கடலா கேட்டேன் நானு?"

"இரு அக்கா. ஊருக்குப் போன தொர பிளாட்டினம் மருந்து கொஞ்சம் குடுத்துட்டுப் போனாரு. அதுல போட்டா நெழலுக்குள்ள இருக்கறதும் தெரியும்."

"கழுத்துல குண்டுமணித் தங்கம் இல்ல, எனக்குப் பிளாட்டினமாம்," என்றாள் அம்மா. வெகுநாளைக்குப் பிறகு அன்றுதான் சிரித்தாள்.

அடுத்த ஞாயிறு பெட்டி வாசலில் இருந்தது. மாமா சமையற்கட்டு ஜன்னலைச் சாத்தி, காகிதத்தில் மஞ்சள் மருந்தைத் தடவிக் காயவைத்தார். அதன்மேல் கண்ணாடி நெகட்டிவை வைத்துச் சட்டத்தில் இறுக்கிக் கிணற்றுக்கட்டில் வெயிலில் வைத்தார். காக்காய் விரட்டுவது என் வேலை. பிறகு காகிதத்தைத் தட்டில் போட்டு வேறொரு மருந்தை ஊற்றினார்.

மற்ற படங்கள் மெல்ல மெல்லத்தான் வரும். இது ஊற்றிய கணத்திலேயே கடலோடு எழுந்து நின்றது. பயந்து பின்னால் போனேன். திரும்ப எட்டிப் பார்த்தபோது அம்மா வாயைத் திறந்தபடி நின்றிருந்தாள்.

மரநிழலுக்குள் வேர் தெரிந்தது, சருகு தெரிந்தது. அடிமரத்தில் ஒரு சைக்கிள் சாய்ந்திருந்தது. அதன் முன்பாரில் பிரம்பு நாற்காலி. பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்து, துண்டை வாயில் அடைத்துக்கொண்டு, அப்பா.

"கண்கூசற வெயிலு. நான் பாக்கவே இல்லக்கா, சத்தியமா," என்றார் மாமா.

அம்மா பொம்மைபோல நின்றாள்.

"அப்பா ஓவர்டைம்னு பொய் சொல்லிருக்காரு. நாற்காலிய வீசவே இல்ல," என்றேன் நான். அதைக்கூட யாரும் கேட்கவில்லை.

சாயங்காலம் அப்பா வந்தார். சைக்கிளில் நாற்காலி இல்லை; வழியில் எங்கோ ஒளித்துவைத்துவிட்டு வந்திருக்கிறார். வாசலில் இருந்த பெட்டியைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார். இப்போது மாட்டிக்கொள்வார் என்று நான் காத்திருந்தேன். அம்மா பெட்டியைத் தூக்கி உள்ளே வைத்தாள்.

"கை கழுவிட்டு வாங்க. அடுத்த ஞாயித்துக்கெழம நானும் வர்றேன்."

"எங்க?"

"ஓவர்டைமுக்கு."

அப்பா தட்டின் முன்னால் உட்கார்ந்தார். அம்மா அவருக்கு மீனின் நடுத்துண்டை வைத்தாள். பொய் சொன்னவருக்கு நடுத்துண்டு, எனக்கு வால். அழுகையே வந்துவிட்டது. என்னை ஏற்றாமல், ஆளில்லாத அந்த நாற்காலியை மாட்டிக்கொண்டு அவ்வளவு தூரம் எதற்கு மிதித்துக்கொண்டு போனார் என்பது மட்டும் அன்றைக்கு எனக்கு விளங்கவே இல்லை.