மூடாத மூலை

முத்தியால்பேட்டையில் ஒரு தெரு இருக்கிறது. பெயர் சொல்ல மாட்டேன். தேடி வந்தால் பக்கத்துத் தெருவைக் கைகாட்டி விடுவேன். ஆட்களின் பெயரையும் மாற்றிவிட்டேன். அந்தத் தெருவில் எந்த வாசலில் கோலம் போட்டாலும் ஒரு மூலையில் கடைசி வளைவை மூடாமல் விட்டுவிடுவார்கள். அது பிரெஞ்சுக்காரன் காலத்துச் சட்டம் என்று 1985-இல் ஒரு டீக்கடையில் காதில் விழுந்தது. வெள்ளைக்கார அதிகாரி பூட்ஸ் காலோடு வீட்டுக்குள் வர வழி விட வேண்டுமாம். விசாரிக்கப் போனேன்.

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் சொல்தா ஒருவர், "நோன், முசியே" என்று கையை ஆட்டினார். "பூட்ஸ் போட்டவன் கோலத்துல வழி பாத்தா வருவான்? மிதிச்சிக்கினு வருவான். நானே வந்திருக்கேன்." ஒரு தமிழாசிரியர் பல்லவர் காலம் என்றார். எந்தப் பல்லவன் என்று கேட்டதும் கோபித்துக்கொண்டார். கோயில் கமிட்டித் தலைவர் கலியமூர்த்திக்குச் சந்தேகமே இல்லை: "மகாலட்சுமி உள்ள வர்ற வழி சார். நாலு பக்கமும் அடைச்சிட்டா, ஓட்டப் பிரிச்சிக்கினா வருவாங்க?"

கடைசியாகக் கன்னியம்மாளிடம் போனேன். முதலிலேயே போயிருக்க வேண்டும். அந்தத் தெருவில் கோலம் என்றால் அவர்தான். ஐம்பது வயதிருக்கும். தட்டாஞ்சாவடியில் பிளாஸ்டிக் குடத்துக்குப் பிசிறு வெட்டும் வேலை. மில்லில் ராத்திரி ஷிப்டு பார்த்த கணவர் கோவிந்தராசு இறந்து பன்னிரண்டு வருஷம். புருஷன் இல்லாதவள் கோலம் போடலாமா என்று தெருவில் ஒரு கேள்வி எழுந்து, தீர்ப்பும் ஆகியிருந்தது. முதல் புள்ளியைச் சுமங்கலி ஒருத்தி வைத்துவிட வேண்டும். மிச்சம் முழுவதும் கன்னியம்மாள் பாடு. அந்த ஒரு புள்ளியில் தோஷமெல்லாம் கழிந்துவிடுமாம். புள்ளி வைப்பது பெரும்பாலும் பக்கத்து வீட்டு ராஜாம்பாள்.

வேலையிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். மூலை ஏன் திறந்திருக்கிறது என்று கேட்டேன். நிமிரவில்லை.

"மாவு தீந்துபோச்சி."

அது பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தைய ஒரு மார்கழி விடியல். கன்னியம்மாள் வாசலில் விழுவதுதான் எப்போதும் முதல் கோலம். அதைப் பார்த்துத்தான் மற்றவர்கள் போடுவார்கள். அன்று கடைசி வளைவுக்கு வரும்போது மாவு இல்லை. ராஜாம்பாளிடம் ஒரு கொட்டாங்குச்சி மாவு கைமாற்று வாங்கிக்கொண்டு திரும்பினார். வாசலில் மில் ஆள் ஒருவர் சைக்கிளோடு நின்றார். கோவிந்தராசு மயங்கி விழுந்துவிட்டார், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள் என்றார். கொட்டாங்குச்சியை மாடத்தில் வைத்துவிட்டு ஓடினார். அதற்குப் பிறகுதான் தெருப் பெண்கள் எழுந்து வந்து பார்த்தார்கள். கன்னியம்மாள் மூலையை விட்டிருக்கிறாள் என்றால் அதுதான் புதுசு. எல்லோரும் விட்டார்கள். தை பிறந்து கோவிந்தராசு ஆஸ்பத்திரியிலேயே இறந்தார். அதற்குள் மகாலட்சுமி அந்த மூலைக்குக் குடிவந்து விட்டாள்.

"சொல்லியிருக்கலாமே?"

"யாரு கேட்டா? கருமாதி முடிஞ்சி வெளிய வந்து பாக்கறேன், அத்தினி வாசல்லயும் அதே தான். ராஜாம்பா அக்காவுக்கு மட்டும் தெரியும்."

"தினம் பார்க்கக் கஷ்டமா இல்லையா?"

"மொதல்ல இருந்துச்சி. இப்ப பல்லு உழுந்த எடம் மாதிரி. நாக்கு போவுது, வருது." கொடியிலிருந்து துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "ஒரு தபா மூடிட்டா போதும்."

அதற்கு வழியும் வந்திருந்தது. கோயில் முன்மண்டபத்துக்குச் சிமெண்டுத் தரை போடுகிறார்கள். நடுவில் தெருவின் கோலத்தை நிரந்தரமாகப் பதிப்பதாகக் கமிட்டி முடிவு. பாதி இறுகிய தரையில் கன்னியம்மாள் மாவால் போடுவார். கொத்தனார் அதே கோட்டில் கீறி வெள்ளைச் சிமெண்டை நிரப்புவார். காய்ந்தால் காய்ந்ததுதான். அங்கே மூடிவிடுவது என்று கன்னியம்மாள் தீர்மானித்திருந்தார். அதுவும் அன்று கைமாற்று வாங்கி, இன்னும் மாடத்திலேயே இருக்கும் அந்த மாவாலேயே.

பேசிக்கொண்டிருக்கும்போதே ராஜாம்பாள் வந்து வாசலில் நின்றார்.

"மூடப் போறியாமே?"

"ஆமாங்கா."

"வேணாம்டி. எம் பொண்ணு லட்சுமி இப்பத்தான் முழுவாம இருக்குது. எத்தினி வருசம் கழிச்சி! அந்த மூலதான் குடுத்துச்சின்னு மாமியாக்காரி ஊரெல்லாம் சொல்லிக்கினு திரியறா. இப்பப் போயி நீ அடைச்சின்னா அவ எம் பொண்ண இன்னா பண்ணுவா?"

"மூலையாக்கா குடுத்துச்சி?"

"எனக்குத் தெரியாதா? அவளுக்கு யாரு சொல்றது?"

கன்னியம்மாள் அடுப்பைப் பற்றவைக்கப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை காலை மண்டபத்தில் நல்ல கூட்டம். ராஜாம்பாள் முதல் புள்ளியை வைத்துவிட்டு ஒதுங்கினார். கன்னியம்மாள் போட ஆரம்பித்தார். கடைசி வளைவு வந்தது. கையிலிருந்த மாவை வைத்துவிட்டுக் கொட்டாங்குச்சியை எடுத்தார். பழைய மாவு கட்டிபிடித்திருந்தது. கட்டைவிரலால் உதிர்த்துக் குனிந்தார்.

"யக்கா! யக்கா!" கலியமூர்த்தி பதறிப்போனார். "அது வாசல்க்கா! அம்மா வர்ற வழி!"

"கண்ணு மங்கிப்போச்சா கன்னியம்மா?" என்று யாரோ கேட்க, பெண்கள் சிரித்தார்கள்.

ராஜாம்பாள் சிரிக்கவில்லை. முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு நின்றார். கன்னியம்மாள் அவரைப் பார்த்தார். விரலிடுக்கில் மாவு இருந்தது. அதைக் கொட்டாங்குச்சிக்குள்ளேயே உதறிவிட்டு எழுந்தார். கலியமூர்த்தி கைதட்டினார். கொத்தனார் கீற உட்கார்ந்தார்.

வெளியே வந்ததும் கன்னியம்மாள் ராஜாம்பாளிடம் கொட்டாங்குச்சியை நீட்டினார். "இந்தாக்கா, ஒம் மாவு."

"வெள்ளிக்கெழமயும் அதுவுமா கையில இருக்கறதக் குடுக்காதடி. நாளிக்கிக் குடு."

சனிக்கிழமை இரண்டு பேருமே அந்தப் பேச்சை எடுக்கவில்லை. லட்சுமிக்கு மகன் பிறந்தான்; அந்தச் சிமெண்டுக் கோலத்தின் மேல்தான் தவழ்ந்தான். மாவு இன்னும் மாடத்தில்தான் இருக்கிறது.