சாக மறுத்த செல்கள்

சோழவந்தானிலிருந்து தினமும் பஸ் ஏறி நாகமலை புதுக்கோட்டைக்கு வருவாள் முனீஸ்வரி. பல்கலைக்கழகத்தில் எங்கள் ஆய்வகத்தில் அவளும் நானும் ஒரே ஆண்டு சேர்ந்தவர்கள். அவளுடைய அப்பா அழகுபாண்டிக்கு வெற்றிலைக் கொடிக்கால் விவசாயம். அந்த வீட்டில் காலேஜ் படி ஏறிய முதல் ஆள் அவள்தான். வாய்ப் புற்றுநோய் செல்களைத் தட்டில் வளர்த்து, மருந்து கொடுத்து, எவ்வளவு சாகிறது என்று பார்ப்பது அவள் ஆராய்ச்சி.

ஒரு திங்கட்கிழமை வந்து பார்த்தால், செல் வளர்க்கும் பெட்டி பழுதாகிச் சூடு ஏறிக் கிடந்தது.

"எல்லாத்தையும் கொட்டிடும்மா, புதுசா ஆரம்பிக்கலாம்," என்றார் எங்கள் பேராசிரியர் ஹரிநாராயணன்.

முனீஸ்வரி கொட்டினாள். சில தட்டுகளை மட்டும் கேட்டு வைத்துக்கொண்டு, வழக்கமான மருந்தைக் கொடுத்துப் பார்த்தாள். செத்திருக்க வேண்டிய செல்களில் பெரும்பாலானவை உயிரோடு இருந்தன.

சூடு பட்டால் செல் தன்னைக் காத்துக்கொள்ள ஒருவகைப் புரதத்தை நிறைய உண்டாக்கும். குலைந்துபோன மற்ற புரதங்களை அது தாங்கிப் பிடித்துச் சரிசெய்யும். செல்லைச் சாகச் சொல்லி உள்ளே எழும் உத்தரவையும் தடுக்கும். நல்ல செல்லுக்கு அது காவல். புற்றுச் செல்லுக்கும் அதுவே காவலாகிவிடுகிறது. துறையில் எல்லோரும் அறிந்த விஷயம்தான். தன் மருந்து தோற்றதற்கும் அதுதான் காரணமா என்று முனீஸ்வரிக்குத் தெரிந்தாக வேண்டும். வேண்டுமென்றே அளவாகச் சூடேற்றி, திரும்பத் திரும்பச் செய்தாள். ஆய்விதழுக்கு அனுப்பிய கட்டுரை, தற்செயலாகக் கிடைத்த முடிவு என்று திரும்பி வந்தது. அழுதாள். மறுநாள் புதுத் தட்டு எடுத்தாள். இந்த முறை அந்தப் புரதத்தை முடக்கும் பொருளையும் மருந்தோடு சேர்த்தாள்.

முடிவைப் பார்த்ததும் வீட்டுக்குத்தான் போன் போட்டாள்.

"அப்பா, செத்துருச்சுப்பா! அம்புட்டும் செத்துருச்சு!"

"யாரு தாயி? என்னாச்சு? இந்தா வாரேன்!"

"ஐயோ, வராதீங்க. புத்துநோய் செல்லுப்பா!"

அவளுடைய வாய்மொழித் தேர்வுக்கு ஊரிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்தார்கள். தேர்வாளராக வந்திருந்த வெளியூர்ப் பேராசிரியரின் கேள்விகளுக்கெல்லாம் நிதானமாகப் பதில் சொன்னாள். அவையில் யாரும் கேட்கலாம் என்றதும், பின்வரிசையில் என் பக்கத்தில் இருந்த அழகுபாண்டி கை தூக்கினார்.

"மருந்து எப்ப தாயி வரும்?"

சிலர் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

"தெரியலப்பா. இது தட்டுல நடந்தது. மனுச ஒடம்புல நடக்குமான்னு பாக்க இன்னும் எம்புட்டோ வேலை கெடக்கு. அந்தப் புரதம் நல்ல செல்லுக்கும் வேணும்ல? ஆனா இது ஏன் சாக மாட்டேங்குதுன்னு ஒரு காரணம் தெரிஞ்சிருச்சு."

"இல்லாதத இருக்குன்னு சொல்லல பாத்தீகளா, எம் மக," என்றார் அவர் என்னிடம்.

முனைவர் பட்டத்துக்குப் பரிந்துரைப்பதாக அறிவித்ததும் முதலில் எழுந்து கை தட்டியவர் ஹரிநாராயணன். மதியப் பந்தியில் அந்தப் புரதத்தைப் பற்றி எல்லோருக்கும் அழகுபாண்டியே விளக்கிக்கொண்டிருந்தார். பாதி தப்பு. முனீஸ்வரி திருத்தவில்லை.