ஒரு கைக்கு நாலு வண்டி

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் ஒரு கோணிச்சாக்கு, ஒரு காற்றுப் பம்பு, பஞ்சர் ஒட்டும் பசை ஒரு டப்பா. என் தொழில் இவ்வளவில்தான் தொடங்கியது. நைனார்பாளையத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பை நான் தாண்டவில்லை. அதற்காக ஒரு நாளும் வருந்தியதும் இல்லை. அந்தச் சாக்கின் மேல் உட்கார்ந்தவன்தான் கூரை போட்டேன், சுவர் எழுப்பினேன், லேத் மிஷின் இறக்கினேன், ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்தேன். கடன் கேட்டுப் போனபோது உட்காரக்கூடச் சொல்லாத பாங்க் மேனேஜர், பின்னாளில் தன் ஸ்கூட்டரை என் பட்டறைக்குத்தான் அனுப்பினார். மழைக்காலத்தில் கல்வராயன் மலைக்கு மோட்டார் சைக்கிள் ஏறாது என்று எல்லோரும் சொன்ன காலத்தில், டயரில் கயிறு சுற்றி ஏற்றிக் காட்டியவன் நான். மலைக்குப் போய்வரும் இருசக்கர வண்டிக்காரர்களுக்குச் சங்கம் அமைத்தேன், தலைவரும் ஆனேன். இன்றைக்கும் தெருமுனையில் ஒரு வண்டி திரும்பும்போதே, அதற்கு என்ன கோளாறு என்று சத்தத்தை வைத்துச் சொல்லிவிடுவேன். யாரும் என்னைத் தூக்கி விடவில்லை.

இப்படிப்பட்ட என்னைச் சந்தை நாள் காலையில், கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறுகிற இடத்தில், போகிற வருகிற ஜனம் பார்க்க நிறுத்தி, "இன்ஜினை ஆஃப் பண்ணுங்க ஐயா" என்று சொன்னவர் ஒரு எஸ்.ஐ. அம்மா. புதிதாக மாற்றலாகி வந்தவர். என் மகள் வயதுதான் இருக்கும். நெற்றியில் ஹெல்மெட் அழுத்திய தடம் எப்போதும் சிவப்பாகத் தெரியும். சத்தம் போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன். அவர் மெதுவாகச் சொன்னார். அதனால்தான் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இரட்டைக் கோடு போட்ட இடத்தில் முன்னால் போகிற வண்டியைத் தாண்டியதற்காக அபராதம் என்றார். அந்த மலைப்பாதை முழுக்கவே இரட்டைக் கோடுதான். அப்படியானால் தாண்டவே கூடாதா என்று கேட்டேன். "கூடாது" என்றார்.

வெளியூர்க்காரர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். வெள்ளிமலைக்குப் போகிற பஸ் அந்த ஏற்றத்தில் முதல் கியரில் முனகிக்கொண்டு போகும். வளைவில் திரும்பும்போது அதன் மூக்கு பாதையை முழுசாக அடைத்துக்கொள்ளும். பின்னால் வருகிறவன் முகத்தில் புகை. மோட்டார் சைக்கிளை அவ்வளவு மெதுவாக ஓட்டினால் கிளட்ச் தீயும், காலை ஊன்றி ஊன்றி இடுப்பு போகும். அதனால் எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. பஸ் டிரைவருக்கு மேலே அடுத்த வளைவு வரை தெரியும். எதிரில் ஒன்றும் இல்லையென்றால் ஜன்னல் வழியாக வலது கையை நீட்டி, முன்னால் போ என்று இரண்டு தரம் ஆட்டுவார். உடனே முறுக்கிக்கொண்டு தாண்டிவிடுவோம். இது எந்தச் சட்டப் புத்தகத்திலும் கிடையாது. ஆனால் அந்தக் கையை நம்பித்தான் மலையே நடந்தது. எங்கள் சங்கத்து மீன்காரத் தம்பி ஒருவர். உளுந்தூர்பேட்டை வழியாக வரும் கடல் மீனை விடிகாலையில் வாங்கிப் பெட்டியில் ஐஸ் போட்டுக் கட்டிக்கொண்டு மலை ஊர்களுக்குப் போவார். பஸ் பின்னாலேயே ஊர்ந்து போனால் மேலே போய்ச் சேருவதற்குள் ஐஸ் தண்ணீராகிவிடும். அவரை அந்த அம்மா இரண்டு முறை பிடித்துவிட்டார். மூன்றாம் முறை பிடித்தால் லைசென்ஸ் போய்விடும் என்று சொல்லி வைத்திருந்தார். அவருக்கு வேறு தொழில் தெரியாது. வீட்டில் மூன்று பெண் பிள்ளைகள்.

என்னை நிறுத்தியதைப் பார்த்து வண்டிக்காரர்கள் கூடிவிட்டார்கள். ஆளாளுக்குப் பேச்சு.

"கோட்டைப் போட்டவரு ஒரு நாளாச்சும் பஸ்ஸு பின்னால போய்ப் பார்த்திருப்பாராங்க?"

"காருக்காரன் தாண்டுனா போவட்டும்னு வுடறீங்க. எங்கள மட்டும் ஓரங்கட்டறீங்க. இது இன்னா நியாயம்?"

"அந்தப் பொகையில ஒரு நாள் வாங்க மேடம். காக்கிச் சட்ட கறுப்புச் சட்டயாயிடும். அப்புறம் வக்கீல்னு நெனச்சுக்குவாங்க."

கூட்டம் சிரித்தது. அந்த அம்மாவுக்குமே உதட்டோரம் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் அதற்குள் ஒருவன் தன் வண்டியைப் பாதைக்குக் குறுக்கே போட்டுவிட்டான். பஸ் ஹார்ன் அடித்தது. சந்தைக்கு வந்த ஜனம் மூட்டையோடு நின்றது. ஜீப்பிலிருந்து போலீஸ்காரர்கள் லத்தியோடு இறங்கினார்கள். நான் ஒரு வார்த்தை சொன்னால் மறியல், சொல்லாவிட்டால் தடியடி. "மேடம், நீங்க ஒரு நாள் சாதாரண ஆளாட்டம் எங்க கூட ஏறி வாங்க. வந்து பார்த்துட்டு அப்புறம் ஃபைன் போடுங்க. நானே கட்டறேன்" என்றேன். அவர் கொஞ்சம் யோசித்தார். "வரேன். ஆனா யார்கிட்டயும் சொல்லக் கூடாது. நீங்க எனக்கு முன்னால போகவும் கூடாது" என்றார். அதற்கு ஒப்புக்கொண்டு, குறுக்கே கிடந்த வண்டியை நானே தூக்கி நிமிர்த்தினேன்.

அந்த வாரத்திலேயே ஒரு தூறல் காலையில் கிளம்பினோம். அந்த அம்மாவுக்கு யூனிஃபார்மின் மேல் மழைக்கோட்டு, முகம் மூடிய ஹெல்மெட். சொந்த வண்டியில்தான் வந்தார். என் வாழ்நாளில் அந்த மலையில் இன்னொருவர் பின்னால் நான் ஏறியது அன்றைக்குத்தான். இரண்டாம் வளைவுக்கு முன்னாலேயே பஸ் மாட்டியது. பஸ்ஸுக்குப் பின்னால் முதலில் ஒரு புருஷன் பெண்சாதி வண்டி, அப்புறம் ஒரு பால்காரர், அப்புறம் அந்த அம்மா, அப்புறம் நான். எங்களுக்குப் பின்னால் மீன் வாடை வந்தது. திரும்பிப் பார்த்தேன். மீன்காரத் தம்பிதான். என்னை அடையாளம் கண்டுகொண்டு தலையாட்டினார். முன்னால் மழைக்கோட்டில் இருப்பது யார் என்று அவருக்குத் தெரியாது. சொல்லக் கூடாது என்று நான் வாக்குக் கொடுத்திருந்தேன்.

ஜன்னலிலிருந்து டிரைவர் கை நீண்டது. இரண்டு தரம் ஆடியது. புருஷன் பெண்சாதி வண்டி தாண்டியது. பால்காரர் அதை ஒட்டிக்கொண்டே போனார். அந்த அம்மா போகவில்லை. என் கை முறுக்கத் துடித்தது. அப்போதுதான் ஒன்றைப் பார்த்தேன். பால்காரர் பஸ்ஸின் பாதி நீளத்துக்குப் போகும்போதே டிரைவர் கை உள்ளே போய்விட்டது. வளைவு வந்துவிட்டது, அவர் ஸ்டியரிங்கை ஒடிக்க வேண்டும். நான் எப்போதும் முதல் வண்டியாகவே ஏறியவன். முதல் வண்டியில் போகிறவனுக்குத் தன் பின்னால் அந்தக் கை எப்போது மடங்குகிறது என்று தெரிய வழியில்லை.

"இன்னா தலைவரே, அதான் கை காட்டிட்டாங்களே, வேடிக்க பார்த்துக்கினு வரீங்க? ஐஸு கரையுதுங்க" என்று சொல்லிக்கொண்டே மீன்காரத் தம்பி எங்களைக் கடந்து போனார். நில்லு என்று நான் கத்தியது ஹெல்மெட்டுக்குள்ளேயே நின்றுவிட்டது. மேல் வளைவிலிருந்து மரவள்ளிக்கிழங்கு லாரி ஒன்று தலையை நீட்டியது. ஒரு பக்கம் பஸ், ஒரு பக்கம் லாரி, நடுவில் மீன் பெட்டி கட்டிய வண்டி. பிரேக் கிறீச்சிட்டது. பெட்டி லாரியில் அடிபட்டுப் பறந்தது. லாரியின் மேலிருந்து கிழங்கு சரிந்து உருண்டு வந்தது. அப்புறம் ஒரு சத்தமும் இல்லை. வண்டியை ஸ்டாண்டு போடாமல் சாய்த்துப் போட்டுவிட்டு ஓடினேன்.

பஸ்ஸின் பின்சக்கரத்துக்கும் லாரிக்கும் இடையில் மனிதர் உட்கார்ந்திருந்தார். முழங்காலில் தோல் வழன்று வெள்ளையாகத் தெரிந்தது. சுற்றிலும் சங்கராவும் மத்தியும் சிதறிக் கிடந்தன. அந்த அம்மா ஹெல்மெட்டைக் கழற்றி, மழைக்கோட்டின் பொத்தானைத் திறந்து, உள்ளிருந்த கைக்குட்டையால் அவர் காலைக் கட்டினார். காக்கியைப் பார்த்ததும் மீன்காரத் தம்பி நடுங்க ஆரம்பித்தார். சாவு உரசிவிட்டுப் போனபோது நடுங்காத உடம்பு அது. "மேடம், லைசென்ஸ மட்டும் புடுங்கிடாதீங்க மேடம்" என்றார். டிரைவர் இறங்கி வந்து, தான் ஒரு வண்டிக்குத்தான் கை காட்டியதாகத் தலையில் அடித்துக்கொண்டு சொன்னார். பொய் இல்லை. அந்த அம்மா என்னைப் பார்த்தார். "முதல் வண்டிக்குக் காட்டின கை ஐயா அது. இவருக்கு யார் காட்டினாங்க?" என்றார். எனக்குப் பதில் இருந்தது. "பஸ்ஸு ஒதுங்கறதுக்கு எடம் இருந்தா எவனும் கையப் பார்க்க மாட்டான் மேடம். கோடு போட்டீங்க, எடம் போடல" என்றேன்.

"இடம் எங்க இருக்கு?"

"எனக்குத் தெரியும்."

உண்மையாகவே தெரியும். அந்தப் பாதையில் சில வளைவுகளை ஒட்டி அகலமான இடங்கள் உண்டு. முன்பு ரோடு போட்டபோது மிச்சமான ஜல்லியையும் தார் டிரம்மையும் அங்கே கொட்டிவிட்டுப் போயிருந்தார்கள். அதன்மேல் செடி முளைத்து, மலையோடு மலையாகிவிட்டது. அது மலை இல்லை, குப்பை என்று அறிந்தவன் அந்தப் பக்கத்தில் நான் ஒருவன்தான். மழையில் வண்டி நின்று போன நாட்களில் அந்த டிரம்மின் மேல் உட்கார்ந்திருக்கிறேன். அந்த அம்மா மீன்காரத் தம்பியின் லைசென்ஸை வாங்கித் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "இதை மேல அனுப்பல. நீங்க இடத்தைக் காட்டுங்க, பஸ்ஸை நான் ஒதுங்க வைக்கிறேன். அன்னைக்கு இதைத் திருப்பித் தரேன்" என்றார்.

அதற்கு மேலிடத்தில் அனுமதி வாங்க அவர் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும். அனுமதி வந்த மறுநாளே என் டிராக்டர் மலை ஏறியது. என் பட்டறைப் பையன்கள் மண்வெட்டி பிடித்தார்கள். முன்பு மறியலுக்குத் துடித்தவர்கள் ஜல்லிக்கூடை சுமந்தார்கள். லைசென்ஸ் திரும்பி வரும்வரைக்கும் மீன்காரத் தம்பியின் மனைவி பெட்டியோடு அதே பஸ்ஸில் ஏறினார். மூக்கைப் பொத்திக்கொண்ட ஜனத்திடம், "வூட்ல கொயம்பு வெச்சா மட்டும் ரெண்டு தட்டு துன்றீங்க இல்ல, இப்ப பொறுத்துக்குங்க" என்பாராம். சில பஸ் டிரைவர்கள் முரண்டு பிடித்தார்கள், நேரம் தவறும் என்றார்கள். அந்த அம்மா பல நாள் காலையில் பஸ்ஸிலேயே ஏறி, அவர்கள் பக்கத்தில் நின்றுகொண்டு போனார். முதல் முறையாகப் பஸ் முழுசாக ஒதுங்கி நின்று, பின்னால் வந்த வண்டிகள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகத் தாண்டிய அன்று, பாதை ஓரத்தில் நின்றிருந்த மீன்காரத் தம்பியின் கையில் லைசென்ஸைக் கொடுத்தார். கொடுத்த கையோடு எனக்குப் பழைய அபராதத்துக்கும் ரசீது கிழித்தார். நான் சிரித்துக்கொண்டே கட்டினேன். அப்படி ஒரு அதிகாரியை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை. மாற்றலாகிப் போய்விட்டார். இப்போது எந்த ஊரில் இருக்கிறாரோ.

இன்றைக்கும் கோட்டின் மேல் தாண்டுகிறவர்கள் இருக்கிறார்கள், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் கையைப் பார்த்துத் தாண்டுகிறவர்கள் இல்லை. பஸ் ஒதுங்குகிறது, வண்டிகள் போகின்றன, மீன்காரத் தம்பி ஐஸோடு மேலே போய்ச் சேருகிறார். அவருடைய பெரிய பெண்ணுக்குக் கல்யாணமும் ஆகிவிட்டது. சமீபத்தில் பாதையைப் புதுப்பித்து, ஒதுங்கும் இடங்களில் எல்லாம் நல்ல பளபளப்பான பலகை வைத்திருக்கிறார்கள். விழாவுக்கு வந்தவர்கள் பெயரெல்லாம் அதில் இருக்கிறது. அவர்களில் ஒருவர்கூட அங்கே ஒரு கூடை ஜல்லி சுமந்ததில்லை. அந்த எஸ்.ஐ. அம்மாவின் பெயர் இல்லை. என் பெயரும் இல்லை. பெரிய மனுஷன் இதைக் கேட்கலாமா என்று என் வீட்டிலேயே சொல்கிறார்கள். கேட்கத்தான் செய்வேன். மறியலை நிறுத்தியது நான், இடத்தைக் காட்டியது நான், மண் தள்ளியது என் டிராக்டர். பஸ்ஸை ஒதுங்க வைத்தது அந்த அம்மா. அவர் பெயரை முதலில் எழுதுங்கள், அதில் எனக்குத் தகராறு இல்லை. அதற்குக் கீழே என் பெயரை எழுதுங்கள். பலகையில் இடம் போதாது என்றால் சொல்லி அனுப்புங்கள். அதற்கும் நான் இடம் காட்டுகிறேன்.