ஒன்றரைப் பற்றரியோடு படுவான்கரைக்கு

காலை 5.50. மட்டக்களப்பு பஸ் நிலையத்தில் கல்முனை பஸ் இன்னும் புறப்படவில்லை. மடியில் இருந்த பையைத் திறந்து கமராவை மூன்றாவது தடவையாகப் போட்டுப் பார்த்தேன். திரை எரிந்தது. உடனே அணைத்தேன். அணைத்த பிறகுதான், இப்படிப் போட்டுப் போட்டுப் பார்ப்பதற்கும் பற்றரி செலவாகிறது என்பது மண்டையில் உறைத்தது.

2007ஆம் ஆண்டு, ஆவணி மாதம். நான் மலையகத்து அட்டன்காரன். கல்யாணப் படம் எடுப்பது தொழில். மட்டக்களப்பு நகரில் ஒரு கல்யாணத்துக்காக வந்தவன், அன்று ஊருக்குத் திரும்பியிருக்க வேண்டும். மணமகளின் தாய்மாமன் தவராசா சாப்பாட்டுப் பந்தியில் என் பக்கத்தில் இருந்தார். மட்டக்களப்பு வாவி என்ற நீண்ட உப்பேரிக்கு மேற்கே ஒரு கிராமத்தின் கிராம சேவகர் அவர், சனத்தின் பேச்சில் 'விதானையார்'.

"தம்பி, ஒரு நாள் நிண்டு போங்களன்," என்றார். "எங்கட சனத்துக்கு ஐசிக்குப் படம் எடுக்கணும். கெஞ்சிக் கேக்கிறன்."

வாவியின் கிழக்குப் பக்கம் எழுவான்கரை, மேற்குப் பக்கம் படுவான்கரை. சூரியன் எழும் கரை, படும் கரை. அந்த வருடம் சண்டையில் படுவான்கரைச் சனம் உடுத்த உடுப்போடு ஓடி, மாதக்கணக்காகக் கூடாரங்களில் கிடந்து, அப்போதுதான் வீடு திரும்பியிருந்தது. பலருடைய ஐசி, அதாவது அடையாள அட்டை, போன இடம் தெரியாது. அட்டை இல்லாமல் வாவியைக் கடக்க முடியாது. புதிய அட்டைக்குப் படம் வேண்டும். படம் பிடிக்கும் கடைகளோ வாவிக்கு இந்தப் பக்கம். நகரத்தில் இரண்டு பேரைத் தவராசா கேட்டுப் பார்த்திருக்கிறார். அக்கரைக்குக் கமராவும் கையுமாகப் போய் வர இருவருமே பயந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நானும் பயந்தேன்தான். ஆனால் ஓம் என்று சொல்லிவிட்டேன்.

என்னிடம் இருந்தது பழைய டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். கமரா. அதற்கு இரண்டு பற்றரி. ஒன்று நல்லது. மற்றது நாலு வருடம் உழைத்துக் களைத்தது. சார்ஜரில் போட்டால் பச்சை விளக்குக் காட்டும், பத்துப் படத்தோடு கையை விரிக்கும். முதல் நாள் மாலை கரண்ட் போய்விட்டதால் நல்லதும் முழுதாக ஏறவில்லை. எவ்வளவு ஏறியது என்றும் தெரியாது. அந்தக் கமரா மூன்று நிலைதான் சொல்லும்: நிறைவு, பாதி, கண்சிமிட்டல். கண்சிமிட்டத் தொடங்கினால் இன்னும் ஐம்பது படமும் வரலாம், அடுத்த படமே வராமலும் போகலாம்.

7.05. குருக்கள்மடம். நகரத்திலிருந்து இருபது கிலோமீற்றர் வரும், டிக்கெட் இருபத்திரண்டு ரூபாய். காத்தான்குடி, ஆரையம்பதி தாண்டி வருவதற்குள் இரண்டு இடத்தில் சோதனைக்காக எல்லோரும் இறங்கி, வரிசையில் நடந்து, மறுபடி ஏறினோம். துறையில் தவராசா மோட்டார் சைக்கிளோடு காத்திருந்தார். வாவியைக் கடக்கும் இரும்பு மிதவையை இங்கே 'பாதை' என்கிறார்கள். ஆள், மாடு, சைக்கிள், உர மூட்டை எல்லாம் அதில் ஒன்றாகப் போகும். தண்ணீர் அசைவில்லாமல் கிடந்தது. கொக்குகள் நின்றன. வேறொரு காலமாக இருந்தால் நான் அங்கேயே நூறு படம் எடுத்திருப்பேன்.

7.40. அக்கரையில் இராணுவச் சோதனைச் சாவடி. பையைத் திறந்ததும் காவலுக்கு நின்றவன் கமராவைக் கண்டு இரண்டு அடி பின்னால் போனான். உள்ளேயிருந்து இளம் அதிகாரி ஒருவர் வந்தார். எனக்குச் சிங்களம் நன்றாக வரும், ஆகவே நேராகவே பேசினோம்.

"போட்டுக் காட்டு," என்றார்.

போட்டேன். எரிந்தது. காவலாளியைக் காட்டாமல் வானத்தைப் பார்த்து ஒரு படம் எடுக்கச் சொன்னார். எடுத்தேன். கொப்பியில் எழுதிக்கொண்டார்.

"எரியாத கமரா எங்களுக்குக் கமரா இல்லை. உள்ளே என்ன வைத்திருக்கிறாய் என்று எனக்கு எப்படித் தெரியும்? திரும்பும்போதும் இப்படியே எரிய வேண்டும். எடுத்த படங்களையும் பார்ப்பேன்."

அந்த நிமிடத்திலிருந்து என் கணக்கு மாறிவிட்டது. எல்லாப் படமும் எடுத்து முடித்த பிறகும் பற்றரியில் கொஞ்சம் மிச்சம் இருந்தாக வேண்டும்.

8.15. ஆறு கிலோமீற்றர் கிறவல் மண் வீதி, இரண்டு பக்கமும் விதைக்காத வயல். அந்தக் கிராமத்தின் பெயரை இன்றைக்கும் எழுத மனம் வரவில்லை. மின்சாரம் இல்லை. பாடசாலைக் கட்டடத்தின் பாதிக் கூரைதான் மிஞ்சியிருந்தது. அது எனக்கு வசதியாகப் போனது: வெளிச்சம் தாராளம், பிளாஷ் வேண்டாம். பிளாஷ் அடித்தால் பற்றரி மத்தியானத்தைக் காணாது. சுவரில் தவராசாவின் வெள்ளை வேட்டியைக் கட்டி, முன்னால் உட்கார ஒரு வாங்கைப் போட்டோம்.

பட்டியலில் எழுபத்து மூன்று பேர். ஆண்களுக்குக் கொலர் வைத்த சட்டை ஊரிலேயே ஒன்றுதான் ஒழுங்காக இருந்தது. ஒருவர் எடுத்து முடிந்ததும் கழற்றி அடுத்தவருக்குக் கொடுப்பார். அவர் அதை உதறிப் போட்டுக்கொண்டு, பொத்தான் பூட்டி, விறைத்துப்போய் இருப்பார். மெலிந்தவர்களுக்கு முதுகுப் பக்கம் துணியைச் சேர்த்து உடுப்புக் கிளிப் மாட்டினோம்.

முதலில் களைத்த பற்றரியைப் போட்டேன். பதினொரு படம் தந்து அடங்கியது. அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நல்லதை மாட்டினேன். எடுத்த படம் தெரியாதபடி திரையை அணைத்தேன். ஃபோகஸைக் கையால் திருப்பினேன். ஆளுக்கு ஒரு படம், அவ்வளவுதான். கண்ணை மூடுகிறார்களா என்று ஒவ்வொரு முகத்தையும் மூச்சைப் பிடித்தபடி பார்த்து அமுக்கினேன்.

இதில் சங்கடம் என்னவென்றால், எல்லோருக்கும் தங்கள் முகத்தைப் பார்க்க ஆசை.

"காட்டுங்க மனே, ஒருக்காப் பாப்பம்," என்றார் ஒரு அம்மா. "எங்கட வீட்டுல கண்ணாடியும் இல்ல."

"பற்றரி போயிரும்மா," என்றேன்.

அவர் எழுந்து போனார். அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை. அவர் போய்ச் சொல்லியிருக்க வேண்டும்.

பிற்பகல் 2.20. ஐம்பத்தெட்டாவது ஆளில் கண்சிமிட்டத் தொடங்கியது. பற்றரியைக் கழற்றி, தொடு முனைகளைச் சட்டை நுனியால் துடைத்து, பத்து நிமிடம் ஆற விட்டு மாட்டினேன். ஐந்து படம். மறுபடி ஆற விட்டேன். நாலு படம். இப்படியே தவணை தவணையாக 3.35க்கு எழுபத்து மூன்றாவது ஆளையும் எடுத்துவிட்டேன். சாவடியில் காட்ட ஒரு துளி மிச்சம் இருக்கும் என்று நம்பினேன். பையைப் பூட்டினேன்.

அப்போதுதான் ஒரு சைக்கிள் வந்தது. ஓட்டி வந்தவன் மூச்சு வாங்கினான். பின்னால் அவன் மனைவி, நிறைமாதக் கர்ப்பிணி. பெயர் சுகந்தி. வயல் நடுவே குடிசை போட்டிருப்பவர்கள். படம் எடுக்கும் செய்தி அவர்களுக்குப் பிந்தித்தான் எட்டியிருக்கிறது.

தவராசா என்னைப் பார்த்தார். முடியாது என்று நான் தலையை ஆட்டினேன். நிலைமையை அவரே விளக்கினார்.

"போன கிழமையும் துறையில திருப்பி விட்டுட்டாங்க," என்றாள் சுகந்தி. "ஐசி இல்லாட்டி, படம் ஒட்டின விதானையார் கடிதமெண்டாலும் வேணுமாம். இந்தக் கரையில ஆசுப்பத்திரி இல்ல எலுவா?"

"அடுத்த கிழமை இந்தத் தம்பியத் திரும்பக் கூப்பிடுறன் புள்ள," என்றார் தவராசா.

"நீங்க வருவீங்க அண்ணே," என்றாள் அவள் என்னிடம். "வயித்துல உள்ளது அது மட்டுக்கும் நிக்குமா?"

பையைத் திறந்தேன். அவள் வேட்டியின் முன்னால் இருந்தாள். அமுக்கினேன். ஷட்டர் திறந்த சத்தம் கேட்டது, மூடிய சத்தம் இழுபட்டுக் கேட்டது. கமரா அணைந்துவிட்டது. படம் மெமரி கார்டில் பதிந்ததா, பதிவதற்கு முன்பே உயிர் போய்விட்டதா, தெரியவில்லை.

"படம் விழுந்திட்டா அண்ணே?" என்று கேட்டாள்.

"விழுந்துருச்சு," என்றேன். தெரியாமல்தான் சொன்னேன்.

4.40. சாவடி. ஐந்தரைக்குக் கடைசிப் பாதை. காலையில் பார்த்த அதே அதிகாரி.

"போட்டுக் காட்டு."

எரியவில்லை. கழற்றித் துடைத்து மாட்டினேன். எரியவில்லை. அதிகாரியின் முகம் மாறியது. கமராவை மண்மூட்டை மேல் வைத்துவிட்டுத் தள்ளி நிற்கச் சொன்னார். துறையில் நின்ற சனம் முழுவதும் பேச்சை நிறுத்தி என்னைப் பார்த்தது. தவராசா ஏதோ சொல்ல வாயெடுத்தார். கை காட்டி நிறுத்தினார்கள். கைகளை எங்கே வைப்பது என்று கூடத் தெரியவில்லை. சட்டைப் பையில் கை பட்டபோதுதான் அந்தப் பழைய பற்றரி தட்டுப்பட்டது. காலையில் செத்தது. ஆனால் ஒரு பகல் முழுக்க ஆறியிருக்கிறது.

அனுமதி கேட்டு, மெதுவாக எடுத்து, அவர்கள் கண் முன்னாலேயே மாட்டினேன். எரிந்தது.

அதிகாரி வாங்கிப் பொத்தானை அமுக்கினார். கடைசியாக எடுத்த படம்தான் முதலில் வரும். திரையில் தெரிந்தது சுகந்தி இல்லை. எழுபத்து மூன்றாவதாக இருந்த கிழவர்.

அதிகாரி பின்னோக்கித் தள்ளிக்கொண்டே போனார். ஒரு முகம், இன்னொரு முகம். ஒவ்வொரு அமுக்கலுக்கும் பற்றரி கரைவதை என் நெஞ்சுக்குள் உணர்ந்தேன்.

"என்ன இது? எல்லோரும் ஒரே சட்டை?"

"ஊரில் அந்த ஒரு சட்டைதான் இருக்கிறது, ஐயா."

அவர் நிமிர்ந்து பார்த்தார். சிரிக்கவில்லை. மறுபடி தள்ளினார். இருபது வயது மதிக்கத்தக்க ஒரு பையனின் முகத்தில் நிறுத்தி, உற்றுப் பார்த்தார். ஒரு ஊரின் முகங்களையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து நானே இவர் கையில் கொடுத்திருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. இவ்வளவு நேரமும் பற்றரி செத்துவிடுமோ என்று பயந்தவன், அந்தக் கணம் அது சாகட்டும் என்று வேண்டினேன்.

"ஐயா, தயவு செய்து அணைத்துவிடுங்கள்," என்றேன். என் குரலா அது என்று இருந்தது.

"ஏன்? எதை மறைக்கிறாய்?"

"ஒரு கர்ப்பிணிப் பெண்ணின் படம் இதில் பதியவில்லை. பதிந்தது என்று அவளிடம் பொய் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். இந்தப் பற்றரியில் ஒரு படத்துக்கு உயிர் மிஞ்சினால் திரும்பிப் போய் எடுப்பேன்."

அவர் என்னையும் கையில் இருந்த திரையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தானே அணைத்தார்.

"பாதை ஐந்தரைக்கு. உனக்காக நிற்காது," என்று சொல்லிக் கொப்பியை எடுத்து ஏதோ எழுதத் தொடங்கினார்.

தவராசாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. மோட்டார் சைக்கிளைத் திருப்பினார், அவ்வளவுதான்.

5.15. அவர்கள் இன்னும் குடிசையை அடையவில்லை. வயல் வரம்போரம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்கள். எங்களைக் கண்டதும் சுகந்தி நின்றாள்.

"விழல்ல, என்ன?" என்றாள்.

"இல்லம்மா. மன்னிச்சுக்கங்க."

அவள் கண் நிறைந்துவிட்டது. தவராசா மோட்டார் சைக்கிளில் மடித்து வைத்திருந்த அதே வேட்டியை அவரும் கணவனும் ஆளுக்கொரு நுனி பிடித்து அவள் பின்னால் உயர்த்தினார்கள். வயல் காற்று அதைப் பாய் போலப் புடைத்தது. காற்று அடங்கும் வரை காத்திருந்தேன். கமராவை அதற்கு முன்பு போட்டுப் பார்க்கத் துணிவில்லை. துணி சுவர் போல நின்ற ஒரு நொடியில் போட்டு, அமுக்கினேன். கமராவின் பின்புறத்தில் சின்னச் சிவப்பு விளக்கு எரிந்தது. கார்டில் எழுதுகிறது என்று அர்த்தம். அது தானாக அணையும் வரை நான் மூச்சு விடவில்லை. அணைந்தது.

"இப்ப?" என்றாள்.

ஒரு நொடி திருப்பிக் காட்டினேன். அன்று தன் முகத்தைப் பார்த்தது அவள் ஒருத்திதான். அதோடு திரை கறுத்துப்போனது.

பாதையைத் தவறவிட்டோம். அந்த இரவு பாடசாலை வாங்கில் படுத்தேன். நித்திரை வரவில்லை என்பதைத் தவிர எழுத ஒன்றுமில்லை.

மறுநாள் காலை 6.30. சாவடியில் வேறு ஆள். கமரா எரியவில்லை. இந்த முறை கையில் ஒன்றும் மிச்சமில்லை. அவன் துப்பாக்கியைச் சரி செய்துகொண்டு, கொப்பியைப் புரட்டினான். முன்னால் ஒரு பக்கம், பின்னால் ஒரு பக்கம். பிறகு ஒரு இடத்தில் விரலை வைத்து வாசித்தான். தலைகீழாக இருந்தாலும் அந்தச் சிங்கள எழுத்தை என்னால் வாசிக்க முடிந்தது. 'கமரா சோதிக்கப்பட்டது. பற்றரி இல்லை. நாளை வருவான். விடவும்.'

விட்டான். அன்று அப்படி முடிந்தது. வேறு நாட்களில் வேறு விதமாக முடிந்தவற்றை அந்தக் கிராமத்தார் சொல்லிக் கேட்டேன். ஆகவே இதைப் பெரிய நன்மையாக எழுத எனக்குத் துணிவில்லை.

நகரத்தில் பற்றரியை ஏற்றி, படங்களைப் பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். என்னோடு வந்து பிரதிகளை எண்ணி வாங்கிய தவராசா, "கமராவுக்குள்ள உள்ளத அழிச்சிடுங்க தம்பி. அட்டன் மட்டுக்கும் எத்தின சாவடியோ," என்றார். அவர் பார்த்திருக்க, எழுபத்து நான்கு முகங்களையும் அழித்தேன்.

பகல் பஸ்ஸில் நான் ஏறியபோது இரண்டு பற்றரியும் நிறைவு காட்டின. கல்லடிப் பாலத்துக்குக் கீழே வாவி மினுங்கியது. எடுக்கத் தோன்றவில்லை. அட்டனில் எங்கள் வீட்டு வாசலில் நின்று எந்த மலையையும் எந்த நேரத்திலும் படம் எடுக்கலாம், யாரும் கேட்க மாட்டார்கள். அதை அதுவரை ஒரு வசதியாக நான் நினைத்ததே இல்லை.

எட்டாம் நாள் தவராசாவிடமிருந்து போன் வந்தது.

"பொம்புளப் புள்ள தம்பி. தாயும் புள்ளயும் சுகம்."

"துறையில் விட்டாங்களா?"

"விட்டாங்க. கொஞ்சம் மறிச்சுத்தான். கடிதத்துல உள்ள படத்தையும் ஆளையும் சாவடியில நிண்டவன் திருப்பித் திருப்பிப் பாத்தானாம். படத்துல அழுறாள் எலுவா? அங்க இவள் சிரிச்சிக்கிட்டு நிண்டிருக்காள். அவனுக்கு ஆளப் புடிபடல்ல."