கோரனின் மனு

மாலை ஐந்து மணிக்கு விளையாட்டு. எதிரி இன்னும் தயாராகவில்லை.

பகடை உருட்டிக் கதைக்குள் சண்டை போடும் என் நண்பர்கள் நாலு பேருக்கும் அரக்கர்களை உருவாக்கித் தருவது என் வேலை. போன வாரத்து அரக்கன் முதல் அடியிலேயே செத்தான். அதற்கு முந்தையவன் நாலு பேரையும் கொன்றான். இன்றும் இப்படியே போனால் ஆட்டத்தையே விட்டுவிடுவோம் என்று சொல்லிவிட்டார்கள்.

வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ் எதிரே மனு டைப் அடிக்கும் ஷாஹிதா அக்கா கடைக்கு பிரின்ட் எடுக்க ஓடினேன். அக்கா என் தாளைப் படித்தார். "கோரன். இருப்பிடம் குகை. பலம் இருநூறு. யாருங்க இவரு, பக்கத்து வீட்டுக்காரரா?"

"விளையாட்டுல வர்ற அரக்கன், அக்கா. எவ்ளோ பலம் குடுக்கறதுன்னே தெரியல."

"மனுவுல எதிராளிய பத்தி ஜாஸ்தியா எழுதினா யாரும் நம்ப மாட்டாங்க. கம்மியா எழுதினா யாரும் கண்டுக்க மாட்டாங்க. சரி, இவரு என்ன தப்பு பண்ணாரு?"

அதை நான் யோசிக்கவே இல்லை. "குகையில இருக்காரு. நாலு பேரு கத்தியோட உள்ள போவாங்க."

அக்கா கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "அப்ப மனு குடுக்க வேண்டியவரு இவருதாங்க."

மணி நாலரை. இருநூறை நூற்றைம்பதாக்கினேன். மறுபடி இருநூறாக்கினேன். உட்கார முடியவில்லை.

கடைசியில் கோரன் கையில் ஒரு மனுவைக் கொடுத்துவிட்டேன். அக்காவே டைப் அடித்தது. நாலு பேரும் கத்தியோடு நுழையும்போது அவன் அதை நீட்டுவான்.

வாங்கிப் படிப்பார்களா? மனு கொடுத்துப் பழகியவர்கள்தான் சொல்ல வேண்டும்.