மதுரைப் போக்குவரத்தே போதும் என்றார் அம்மா

அம்மாவின் முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். பந்தி போட இன்னும் நேரம் இருக்கிறது, அதற்குள் இதை வாசித்துவிடலாம். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வரும் பெரியப்பா, அதாவது என் அப்பாவின் அண்ணன், முன்வரிசையில்தான் அமர்ந்திருப்பார். எந்த விசேஷத்திலும் அதுதான் அவர் இடம். அவர் இந்த நினைவு மலர்ப் புத்தகத்தால் விசிறிக்கொண்டிருக்காமல் கடைசி வரி வரை வாசிக்க வேண்டும் என்று தனியாகக் கேட்டுக்கொள்கிறேன். இது அம்மாவைப் பற்றிய கட்டுரைதான். ஆனால் அவரை விட்டுவிட்டு அம்மாவைப் பற்றி எழுத முடியாதபடி அவரே செய்துவிட்டார்.

போன ஆண்டு இதே வீட்டின் முன்னறையில் அம்மாவைக் கிடத்தியிருந்தோம். மாலை போட்டுவிட்டுத் திரும்பிய பெரியப்பா, கூடியிருந்தவர்களைப் பார்த்து உரக்கச் சொன்னார்.

“இந்தப் பிள்ளைய மதுரைக்கு அனுப்பி அனுப்பித்தான் அவ உசிரே போச்சு. தெனமும் கோழி கூப்பிடுறதுக்கு முன்னாடி எந்திரிச்சா ஒடம்பு என்னத்துக்கு ஆகும்? நான் அன்னைக்கே தோதுப்படாதுன்னு சொன்னேன். யாரு கேட்டா?”

பலர் தலையாட்டினீர்கள். எனக்கு ஒவ்வொரு தலையும் நினைவிருக்கிறது. அம்மாவைக் குளிப்பாட்ட வேண்டிய நேரத்தில் சண்டை வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டேன். அன்று விழுங்கியதை ஓராண்டாகச் செரிக்க முடியவில்லை. அச்சில் ஏற்றி உங்கள் கையில் கொடுத்தால்தான் ஆறும் என்று முடிவு செய்தேன்.

அம்மா வத்திராயிருப்பில், விவசாயக் குடும்பத்தில் கடைசிப் பெண்ணாகப் பிறந்தார். பள்ளிக்கூடம் முடிந்த கையோடு இராஜபாளையத்தில் மில் வேலை பார்த்த அப்பாவுக்கு மணமுடித்து வைக்கப்பட்டார். நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது, ஒரு நாள் ஷிப்ட் முடிந்து வந்த அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு எழுந்திருக்கவில்லை. காரியம் முடிந்த மறுவாரமே அம்மா பேண்டேஜ் துணி கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார். துணியை மடித்து உறையில் போடும் வேலை. மாலையில் வீட்டுக்கு வரும்போது புருவத்தில்கூடப் பஞ்சு ஒட்டியிருக்கும். முகம் கழுவும் வரை அவர் யாரோ வயதான பெண்மணி போலத் தெரிவார்.

“பொறுமையின் வடிவம்” என்று அம்மாவின் படத்துக்குக் கீழே போடச் சொன்னார்கள். நான் போடவில்லை. அம்மாவுக்குப் பொறுமை அறவே கிடையாது. ரேஷன் கடையில் வரிசை தாண்டி நுழைந்தவரின் பையைப் பிடுங்கிப் பின்னால் வைத்தவர் அவர். சுறுசுறுப்பு, நகைச்சுவை, பிடிவாதம், இவை மூன்றும் அவரிடம் ஏராளமாக இருந்தன. யார் எப்போது என்ன சொன்னார்கள் என்பதை மறக்கவே மாட்டார். அந்தக் குணம் எனக்கும் வந்திருப்பதை இந்நேரம் நீங்களே கண்டுகொண்டிருப்பீர்கள்.

உள்ளூர்க் கல்லூரியில் பட்டப்படிப்பு முடித்ததும் எனக்கு மதுரைப் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்.சி. கணிதத்துக்கு இடம் கிடைத்தது. விடுதியில் மட்டும் இடம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். தினமும் போய்வந்தால்தான் படிப்பு. காலையில் ரயிலைப் பிடித்து மதுரையில் இறங்கி, அங்கிருந்து டவுன் பஸ்ஸில் பல்கலைக்கழகம் வரை போக வேண்டும். மாலையில் மறுபடியும் அத்தனையும். முடியுமா என்று எனக்கே பயமாக இருந்தது. அக்கம்பக்கத்தில் ஆளுக்கொன்று சொன்னார்கள். அம்மா யாரிடமும் கேட்கவில்லை. கம்பெனியில் லீவு சொல்லிவிட்டு வந்து, “வெள்ளோட்டம் விட்டுப் பாத்துருவோம்ட்டி” என்றார்.

தேருக்கு வெள்ளோட்டம் விடுவதுபோலவே எங்கள் வெள்ளோட்டமும் நடந்தது. புத்தகத்தின் கனம் வேண்டுமே என்று என் பையில் அரிசியைக் கட்டி வைத்தார். டிபன் பாக்ஸிலும் நிஜமான சோறு. ரயிலில் எனக்கு எதிரே அமர்ந்து, எந்தப் பெட்டியில் பெண்கள் அதிகம் ஏறுகிறார்கள், சிவகாசியில் எவ்வளவு கூட்டம் நெருக்குகிறது என்றெல்லாம் பார்த்துக்கொண்டே வந்தார். தினமும் வேலைக்குப் போய்வரும் ஒரு நர்ஸம்மாவிடம் பேச்சுக் கொடுத்து, திருமங்கலம் வருவதற்குள் அவரை எனக்கு அக்கா ஆக்கிவிட்டார். பல்கலைக்கழக வாசல் வரை வந்தவர் உள்ளே வர மறுத்துவிட்டார். “உள்ள போறவ நீ. எனக்கு ரோடு தெரிஞ்சாப் போதும்” என்று சொல்லிவிட்டு வெளியே பெட்டிக்கடை நிழலில் உட்கார்ந்துகொண்டார்.

எல்லாம் நன்றாகத்தான் போனது. திரும்பி வரும்போது, ஜன்னலோரம் கிடைத்த சந்தோஷத்தில் இருவரும் தூங்கிவிட்டோம். கண் விழித்தபோது வண்டி சங்கரன்கோவிலில் நின்றுகொண்டிருந்தது. இராஜபாளையம் எப்போது வந்தது, எப்போது போனது என்று இருவருக்குமே தெரியாது. அடித்துப் பிடித்து இறங்கி, பஸ் ஏறித் திரும்பி வந்தோம். வழியெல்லாம் அம்மாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. “ஸ்ரீவில்லிபுத்தூர் வந்ததும் எந்திரிச்சு நின்னுரணும். அம்புட்டுத்தான். இதுக்குப் போயி படிப்ப விடுவாங்களா?” என்றார். அன்றோடு அவரைப் பொறுத்தவரை முடிவாகிவிட்டது. போய்வரலாம்.

அந்த வாரமே பெரியப்பா ஆளனுப்பி எங்களைத் தன் வீட்டுக்கு வரச் சொன்னார். போலீசில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். அப்பா போன பிறகு எங்களுக்கு அவர்தான் பெரியவர் என்று அவரே அறிவித்திருந்தார். கூடத்தில் உறவுக்காரர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பெரியப்பாவின் மகளான அக்கா எல்லோருக்கும் காபி கொடுத்துவிட்டு, அடுக்களை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“போய்ப் பாத்தீயளாமே? எப்படி இருக்கு?” என்று பெரியப்பா தன்மையாகத்தான் ஆரம்பித்தார்.

பொய் சொல்லத் தெரியாத அம்மா, தூங்கிப்போனது வரை அத்தனையும் சொன்னார். பெரியப்பா தொடையைத் தட்டிச் சிரித்தார். “வெள்ளோட்டத்துலயே தேரு குடை சாஞ்சுருச்சா! பெத்தவளும் மகளும் சேந்து சங்கரன்கோவில்ல போயி எறங்கியிருக்காக. நாளைக்கு இது தனியா எங்க போயி எறங்குமோ?”

கூடம் முழுக்கச் சிரித்தது. அம்மாவும் சேர்ந்து சிரித்துவிட்டு, “எறங்குனா ஏறி வந்துருவா அத்தான்” என்றார்.

பெரியப்பாவின் முகம் மாறியது. “வெளையாட்டு இல்லத்தா. பொம்பளப்பிள்ள அம்புட்டுத் தூரம் தெனமும் போயிட்டு வாரது தோதுப்படாது. ஒடம்பு தாங்காது. ஊரு வாயும் தாங்காது. பேசாம ஒரு மாப்பிள்ளையப் பாரு.”

தூரம், தூரம் என்று அன்று மாலை முழுவதும் அளந்தார்கள். ஒன்று கேட்கிறேன். அவருடைய மகன், என் அண்ணன், தினமும் விருதுநகருக்குப் போய்ப் படித்தபோது யார் கூட்டம் கூட்டினார்கள்? அவன் எத்தனை முறை தூங்கி எங்கெங்கே போய் இறங்கினான் என்று யார் விசாரித்தார்கள்? அது போகட்டும். ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இராஜபாளையத்துக்கும் இடையில் என்ன பெரிய தூரம்? டவுன் பஸ்ஸில் ஏறி ஒரு வெற்றிலையை மெல்வதற்குள் வந்துவிடும். அந்த இராஜபாளையம் கல்லூரிக்குக்கூட அக்காவை அவர் அனுப்பவில்லை. அப்போதும் இதே “தோதுப்படாது”தான். ஆகவே அந்தக் கூடத்தில் பேசப்பட்டது தூரம் அல்ல. அது தெரிந்தும் அங்கே ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை.

அம்மா எழுந்து பையை எடுத்துக்கொண்டார். “ரயில் பாஸ் எடுக்கணும் அத்தான். வாரேன்.”

பெரியப்பா நாற்காலியிலிருந்து எழுந்திருக்காமலே சொன்னார். “இந்தப் பிள்ளை மதுரைக்குப் போக்குவரத்து வச்சுக்கிட்டா, பொறவு இந்த வீட்டுக்கும் உன் வீட்டுக்கும் போக்குவரத்துக் கிடையாது. யோசிச்சுக்கோ.”

இதை வாசிக்கும் வெளியூர் நண்பர்களுக்காக ஒரு விளக்கம். எங்கள் பக்கத்தில் போக்குவரத்து இல்லை என்றால் பஸ் ஓடவில்லை என்று மட்டும் பொருளல்ல. நல்லது கெட்டதுக்கு வரமாட்டோம், கூப்பிடவும் மாட்டோம் என்று பொருள். புருஷனை இழந்த ஒரு பெண்ணிடம், அவருக்கு மிச்சமிருந்த ஒரே பெரிய உறவு அப்படிச் சொன்னது. பஸ்ஸில் அம்மா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். இராஜபாளையம் நெருங்கும்போது என் பக்கம் திரும்பி, “ஏட்டி, எனக்கு மதுரைப் போக்குவரத்தே போதும்” என்றார். அவர் கண்கள் சிவந்திருந்தன. மறுநாள் ரயில் பாஸ் எடுத்தோம்.

பெரியப்பா சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அக்கா மகளின் காதுகுத்துக்கு எங்களுக்குப் பத்திரிகை வரவில்லை. கோயில் வாசலில் எதிரெதிரே பார்த்தபோதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நானும் அலைச்சல் லேசாக இருந்தது என்று சொல்லமாட்டேன். காய்ச்சலோடு நின்றுகொண்டே போயிருக்கிறேன். வண்டி தாமதமாகி முதல் வகுப்பைத் தவறவிட்டிருக்கிறேன். ரயில் கழிவறை வாசலில் ஒருவன் வழிமறித்தபோது டிபன் பாக்ஸால் அவன் மூக்கில் அடித்திருக்கிறேன். கடினம்தான். ஆனால் கடினம் என்பது வேறு, முடியாது என்பது வேறு. படித்து முடித்து, அதே மதுரையில் ஒரு கல்லூரியில் ஆசிரியையாகி, இன்றும் அதே ரயிலில்தான் போய்வருகிறேன்.

இப்போது பெரியப்பாவின் குற்றச்சாட்டுக்கு வருகிறேன். அம்மாவுக்கு வந்தது கர்ப்பப்பைப் புற்றுநோய். விடியுமுன் எழுந்ததால் அது வருவதில்லை. நான் வீட்டில் இருந்திருந்தால் வராமலும் இருந்திருக்காது. இதை மருத்துவரிடம் நேராகவே கேட்டேன். அப்படி ஒரு தொடர்பும் கிடையாது என்று அவர் சொல்லிவிட்டார். மதுரை மருத்துவமனையில் அம்மாவுக்கு ரத்தம் தேவைப்பட்டபோது, வெள்ளோட்டத்தில் அம்மா எனக்கு அக்காவாக்கித் தந்த அந்த நர்ஸம்மா ரயிலில் பெட்டி பெட்டியாகப் போய்ச் சொன்னார். வங்கி ஊழியர், துணிக்கடைப் பையன்கள், பாலிடெக்னிக் மாணவர்கள் என்று மதுரையில் இறங்கிய கையோடு ரத்தம் கொடுக்க வந்து படுத்தார்கள். அவர்களில் ஒருவர்கூட எங்களுக்கு உறவில்லை. பெரியப்பாவுக்கும் சொல்லி அனுப்பியிருந்தோம். வரவில்லை. மாலையோடுதான் வந்தார்.

கடைசி நாட்களில் அவரை மன்னித்துவிடும்படி அம்மாவிடம் சிலர் எடுத்துச் சொன்னார்கள். அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் பக்கத்தில் இருந்தேன், அதனால் தெரியும். மன்னித்துவிட்டுத்தான் போனார் என்று இனி யாரும் கதை கட்ட வேண்டாம்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். ரயிலுக்குள் ஒரு குடும்பத்தைத் திரட்டித் தந்த நர்ஸக்காவுக்கும், ரத்தம் கொடுத்த பயணிகளுக்கும், நான் வேலைக்குப் போன பகல்களில் அம்மாவுக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்து, தெலுங்கும் தமிழும் கலந்து பேசிச் சிரிக்க வைத்த பக்கத்து வீட்டம்மாவுக்கும், அம்மாவின் பேண்டேஜ் கம்பெனித் தோழிகளுக்கும் என் வணக்கம். இன்றைய பந்தியில் முதல் இலை இவர்களுக்குத்தான். உறவினர்கள் அடுத்த பந்தியில் அமரலாம்.

இன்னொருவருக்கும் நன்றி சொல்ல வேண்டும். சென்ற மாதம் அக்கா என் வீட்டுக்கு வந்தாள். அன்று பெரியப்பா வீட்டில் அடுக்களை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றவள்தான். கணவர் பட்டாளத்தில் இருப்பதால், மகளோடு பெரியப்பா வீட்டில்தான் இருக்கிறாள். அந்தப் பிள்ளைக்கு, நான் படித்த அதே பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கிறது. விடுதி இல்லை.

“தெனமும் போயிட்டு வர முடியுமா? நெசத்தச் சொல்லு” என்று கேட்டாள்.

“முடியும். என்கூடத்தான வரப்போறா” என்றேன்.

“அப்பா விடமாட்டாரு. நான் வாயத் தொறந்தாலே கைய அமத்துவாரு. நீ மலர் போடுறியாமே? அதுல எழுதிரு. அச்சுல வந்தத எப்படி அமத்துவாரு?”

அதனால் எழுதுகிறேன், பெரியப்பா. இதைப் பெருந்தன்மை என்று யாரும் பாராட்ட வேண்டாம். பழி தீர்க்கத்தான் செய்கிறேன். என் அம்மாவின் தலைமாட்டில் நின்று நீங்கள் சொன்ன சொல்லுக்கு, உங்கள் பேத்தியையே பதிலாக எடுத்துக்கொள்கிறேன். இனி ஒவ்வொரு காலையிலும் உங்கள் வாசல் வழியாகவே அவள் பையை மாட்டிக்கொண்டு கிளம்புவாள். நீங்கள் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். நான் இராஜபாளையத்தில் ஏறி அவளுக்கு இடம் போட்டு வருவேன். அவள் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஏறிக்கொள்வாள். ரயில் பாஸ் எடுத்தாயிற்று. இந்த நொடியில் இங்கே இருக்கும் அத்தனை பேரும் இதே வரியை வாசித்துவிட்டு உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். மறுப்பு ஏதும் இருந்தால், இலை போடுவதற்கு முன் எழுந்து சொல்லிவிடுங்கள்.