மாமா எடுத்த ஆஸ்திரேலியா இன்டர்வியூ

என் மாமா கொஞ்ச நேரம் அயர்லாந்துக்காரராக இருந்தார். ஒரு டம்ளர் காபி ஆறுகிற நேரம்தான், ஆனால் இருந்தார். அதற்கு நான் சாட்சி.

அப்போது ஜெர்சி சிட்டியில், ஜர்னல் ஸ்கொயர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு பழைய மரவீட்டின் கீழ்த்தளத்தில் இருந்தோம். அப்பா, அம்மா, அம்மாவின் தம்பியான மாமா, ஒன்பது வயதில் உலகமே தெரிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்த நான். மேல்தளத்தில் கட்டட வேலைக்கு வந்த அயர்லாந்துப் பையன்கள். அங்கே எத்தனை பேர் குடியிருக்கிறார்கள் என்று வீட்டுக்காரருக்கே தெரியாது.

மாமா படித்தது சிவில் இன்ஜினியரிங். கரூர்ப் பக்கம் பாலம் கட்டுகிற வேலையில் இருந்தவர். இரண்டாயிரம் பிறந்தால் கம்ப்யூட்டரெல்லாம் குழம்பிப் போகும் என்று அமெரிக்கா நடுங்கிக்கொண்டிருந்த நேரம் அது. சென்னையில் சில வாரம் கோர்ஸ் படித்துவிட்டு, விமானத்தில் பாலம் கட்டுகிறவராக ஏறி, மெயின்ஃபிரேம் புரோகிராமராக இறங்கினார். இறங்கியவர் பெஞ்சில் உட்கார்ந்தார். அதாவது கன்சல்டன்சி கூட்டிவந்துவிட்டது, ப்ராஜெக்ட்தான் கிடைக்கவில்லை. பெஞ்சில் இருப்பவர்களின் முழுநேர உத்தியோகம் போன் இன்டர்வியூவுக்குத் தயாராவது. ஒருவர் மேனேஜர் மாதிரிக் கேள்வி கேட்பார், மற்றவர் பதில் சொல்வார், அதற்கு மாக் இன்டர்வியூ என்று பெயர். பேச வராத கூச்ச சுபாவிகளுக்காக வேறொருவர் அவர்கள் பெயரிலேயே போனில் பேசி வேலை வாங்கித் தருவதும் உண்டு. குரலுக்கு முகம் கிடையாதே. அந்த வட்டாரத்தில் மாமாவுடையது ராசியான குரல். அவர் பேசியவர்களுக்கெல்லாம் வேலை கிடைத்தது. அவருக்குத்தான் எதுவும் அமையவில்லை.

மேல்தளத்துக் கும்பலில் டெக்லன் என்று ஒருவன். பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும் என்று அவனே சொன்னதால் பெரியவர்களை அங்கிள் என்றே கூப்பிட வேண்டும் என்ற அம்மாவின் சட்டத்திலிருந்து அவனுக்கு மட்டும் விலக்கு. வேலை முடிந்து வந்ததும் பின்பக்கம் கராஜ் சுவரில் பந்தடிப்பான். கையில் ஹாக்கி மட்டை மாதிரி ஒன்று, ஆனால் நுனி தோசைத்திருப்பி போல அகலம். சின்னத் தோல் பந்து. அதை மட்டை நுனியில் நிற்கவைத்து, கீழே விழாமல் முற்றம் முழுக்க ஓடுவான். ஹர்லிங் என்று அந்த ஆட்டத்துக்குப் பெயர். முதல் நாள் பார்த்துவிட்டு மாமா, "கிட்டிப்புள்ளுக்கு கோட்டு சூட்டு போட்டுவிட்ட மாதிரி இருக்கு" என்றார்.

ஒரு வெள்ளிக்கிழமை டெக்லன் எங்கள் சமையலறைக்கு வந்து, நாற்காலியில் உட்கார்ந்து தோசை சாப்பிட்டான். மூன்றாவது தோசையில்தான் விஷயம் வெளியே வந்தது. நியூயார்க்கில், பிராங்ஸ் பகுதியில் ஞாயிற்றுக்கிழமைகளில் அயர்லாந்துக்காரர்கள் கூடி ஆடுவார்கள். அங்கே வந்திருந்த ஓர் ஆஸ்திரேலிய கிளப்பின் ஆள், இவன் ஓடுவதையும் எகிறிப் பந்தைப் பிடிப்பதையும் பார்த்திருக்கிறார். மெல்பர்னுக்கு வா, எங்கள் ஊர் ஃபுட்பாலைச் சொல்லித் தருகிறோம், கான்ட்ராக்ட் தருகிறோம், சம்பளம் தருகிறோம் என்றிருக்கிறார். மட்டை கிடையாது. பந்து முட்டை வடிவம். ஞாயிறு சாயங்காலம் போன் செய்வார், வருகிறேன் அல்லது வரவில்லை என்று சொல்லிவிட வேண்டும். மேல்தளத்து போனில் எப்போதும் எவனாவது ஒரு காதலியைச் சமாதானப்படுத்திக்கொண்டிருப்பான் என்பதால் எங்கள் நம்பரைக் கொடுத்திருந்தான்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றார் அப்பா. "இப்ப இந்த ஹர்லிங்குக்கு என்ன குடுக்குறாங்களாம்? கேளு."

டெக்லனின் இங்கிலீஷ் அப்பாவுக்கு ஏறாது. நான்தான் மொழிபெயர்ப்பாளர். கேட்டேன். ஒன்றும் கிடையாது என்றான். நாட்டிலேயே பெரிய ஆட்டக்காரனுக்கும் கிடையாது, திங்கட்கிழமை எல்லாரும் வேலைக்குப் போய்விடுவார்கள். பிறந்த ஊருக்குத்தான் ஆட வேண்டும், நல்ல டீம் என்று பக்கத்து ஊருக்குத் தாவுகிறவனை யாரும் மதிக்க மாட்டார்கள். அவன் அப்பா ஒரு காலத்தில் எந்த இடத்தில் நின்று ஆடினாரோ அதே இடத்தில்தான் அவனும் நின்றான். ஊர் டீமுக்குப் பயிற்சி தருவதும் அவர்தான்.

"சும்மாவா? காசு வாங்காம எவனாவது மண்டையை உடைச்சுக்குவானா?"

"உங்க ஊர்ல தேர் இழுக்கறவங்களுக்கு யாரு சம்பளம் குடுக்குறா?" என்றாள் அம்மா, கல்லைவிட்டுத் திரும்பாமல்.

அப்பா சாம்பாரில் கவனம் செலுத்தினார்.

மாமா மட்டும் டெக்லனை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். அவன் மேலே போனதும் நோயைக் கண்டுபிடித்துவிட்ட டாக்டர் மாதிரிச் சொன்னார்: "பயப்படுறான்க்கா. எக்ஸ்பீரியன்ஸ் இல்லைன்னு பயம். நான் பாத்துக்கறேன்."

சனிக்கிழமை முழுக்கப் பயிற்சி. என் வகுப்புப் பையனிடமிருந்து ஒரு முட்டைப் பந்தைக் கடன் வாங்கிவரச் செய்தார். அந்த ஆட்டத்தில் ஓடிக்கொண்டே பந்தைத் தரையில் தட்டி எடுக்க வேண்டுமாம். முட்டைப் பந்து தரையில் பட்டால் எந்தப் பக்கம் போகும் என்பது அதற்கே தெரியாது. பெரும்பாலும் பக்கத்து வீட்டு இத்தாலியப் பாட்டியின் தக்காளிப் பாத்திக்குப் போனது. பாட்டியிடம் திட்டு வாங்குகிற வேலை எனக்கு.

நடுநடுவே மாமா கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து மேனேஜராகிவிடுவார். "டெல் மீ அபௌட் யுவர்செல்ஃப்." தெரியாது என்று மட்டும் சொல்லிவிடாதே என்றார். இரண்டு வருடம் முட்டைப் பந்தில் ஆடியிருக்கிறேன் என்று அடித்துவிடு என்றார்.

"தட்ஸ் லையிங், மாமா" என்றேன் நான்.

"இதுக்குப் பேரு ரெஸ்யூமேடி. நீ போய்ப் பந்தை எடுத்துட்டு வா."

டெக்லன் விழுந்து விழுந்து சிரித்தான். ஒரு முறை மட்டும் சிரிக்காமல், கை மறந்துவிடுமா என்று கேட்டான். அதெல்லாம் இரண்டே மாதத்தில் கைக்கு வந்துவிடும் என்று மாமா தைரியம் சொன்னார். அவன் கேட்டது அந்தப் பந்தைப் பற்றி அல்ல, மட்டையைப் பற்றி.

ஞாயிறு சாயங்காலம் போன் அடித்தது. டெக்லன் வீட்டுக்குள் இல்லை, பின்பக்கம் சுவரில் பந்தடித்துக்கொண்டிருந்தான். அம்மா ஜன்னல் வழியாகக் கத்தினாள். வருகிறேன் என்று கையைக் காட்டிவிட்டு அடித்துக்கொண்டே இருந்தான். போனும் அடித்துக்கொண்டே இருந்தது. மாமாவால் ஒரு போனை அப்படி விட முடியாது. எடுத்தார். டெக்லனா என்று அந்தப் பக்கம் கேட்டிருக்க வேண்டும்.

"யெஸ் சார், ஸ்பீக்கிங்."

அப்பா பேப்பரைக் கீழே போட்டார். "மாப்ள, வேண்டாம்யா!"

நான் படுக்கையறைக்கு ஓடி இன்னொரு போனை எடுத்துக் காதில் வைத்தேன். குரல் வேறு மாதிரி இருக்கிறதே என்றார் ஆஸ்திரேலியர். "பேட் லைன், சார்" என்றார் மாமா, கரூர் இங்கிலீஷில். பிறகு இரண்டு வருட எக்ஸ்பீரியன்ஸை எடுத்துவிட்டார். அந்த ஆள் சிரித்தார். எக்ஸ்பீரியன்ஸ் உள்ள பையன்கள் இங்கே தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள், அது இல்லாததால்தான் உன்னைக் கூப்பிடுகிறோம் என்றார். மாமா எடுத்த இத்தனை இன்டர்வியூவில் யாரும் அப்படிச் சொன்னதில்லை.

எனக்கு ஒன்றுதான் தெரிய வேண்டும், என்றார் அந்த ஆள். மட்டையை விட்டுவிட்டு உன்னால் இருக்க முடியுமா? முன்பு ஒரு பையன் வந்தான், கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போனவன் திரும்பவில்லை.

பின்பக்கம் சுவரில் பந்து படுகிற சத்தம் மட்டும். லைன் கட்டாகிவிட்டதோ என்று நினைத்தேன். பிறகு மாமா, இன்டர்வியூக் குரலில் இல்லாமல், மெதுவாகச் சொன்னார். முதலில் கஷ்டமாகத்தான் இருக்கும், சார். நெவார்க் போகிற ரயில் பாலத்தில் ஏறினால் பேச்சை நிறுத்திவிட்டுத் தூண்களையே பார்த்துக்கொண்டிருப்பேன். இப்போதெல்லாம் பேசிக்கொண்டே தாண்டிவிடுகிறேன்.

"வாட் பிரிட்ஜ், மேட்?" என்றார் ஆஸ்திரேலியர்.

சுவரில் பந்து சத்தம் நின்றிருந்தது. நான் எட்டிப் பார்த்தபோது டெக்லன் சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தான். எவ்வளவு நேரமாக நின்றான் என்று தெரியாது. மாமா முகம் சிவந்து போனை நீட்டினார். அவன் வாங்கி, இவ்வளவு நேரம் பேசியது என் மேனேஜர் என்றான். மேனேஜரெல்லாம் வைத்திருக்கிறானா என்று அந்த ஆளுக்கு மதிப்பு கூடிவிட்டது போலிருக்கிறது. டெக்லன் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு வருகிறேன் என்று சொன்னான். அவ்வளவுதான்.

நான் கூரை இடிகிற மாதிரிக் கத்தினேன். அப்பா கை குலுக்கினார். அம்மா ரவையை வறுக்க ஆரம்பித்தாள். எங்கள் வீட்டில் யாருக்கு வேலை கிடைத்தாலும் கேசரிதான்.

மாமா வெளிநாட்டுக்குப் பேச வாங்கிவைத்திருந்த தன் காலிங் கார்டை எடுத்துக் கொடுத்து, முதலில் உன் அப்பாவிடம் சொல் என்றார். அங்கே இரவு பத்து மணி இருக்கும், கோடையில் அப்போதுதான் இருட்டுமாம். டெக்லன் டயல் செய்தான். மழையைப் பற்றிப் பேசினான். வைக்கோல் உள்ளே வந்துவிட்டதா என்று கேட்டான். இன்றைய ஆட்டத்தில் ஊர் ஜெயித்ததா, யாருடைய முழங்கால் எப்படி இருக்கிறது என்றெல்லாம் கேட்டான். அவன் அப்பா அந்தப் பக்கம் நீளமாக ஏதோ சொல்ல, இவன் ஆமாம் ஆமாம் என்றான். கடைசியில், பார்க்கலாம் அப்பா, என்று சொல்லி வைத்துவிட்டான்.

"யூ ஃபர்காட் டு டெல் ஹிம்!" என்றேன் நான்.

மாமா அம்மாவிடம் தமிழில், "இதுக்கு மட்டும் எவனும் மாக் இன்டர்வியூ வெக்கலக்கா" என்றார். அம்மா மாமாவுக்கும் டெக்லனுக்கும் கேசரி வைத்தாள். தட்டைப் பார்த்துக்கொண்டே இரண்டு பேரும் சாப்பிட்டார்கள்.

எனக்கு எரிச்சலாக வந்தது. ஒரு நாள் முழுக்க என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்தவர்கள், இருந்த ஒரே செய்தியை மறந்துவிட்டு மழையைப் பேசுகிறார்கள். பெரியவர்களுக்கு இவ்வளவு மறதி இருந்தால் உலகம் எப்படித்தான் நடக்கிறது? கார்டை எடுத்து டெக்லனின் தட்டுக்குப் பக்கத்தில் நகர்த்தி வைத்தேன். இதில் இன்னும் நிமிஷம் மிச்சம் இருக்கிறது என்று, காது கேளாதவனிடம் சொல்வது போல, நிறுத்தி நிறுத்தி எடுத்துச் சொன்னேன்.

ரொம்ப நன்றி என்றான். கேசரியைத்தான் சாப்பிட்டான்.